மெயின் பாராசூட் மக்கர் பண்ணினால்: கோளாறுக்கு முன் உயரம்

"நேற்று மெயினைக் கழற்றிவிட்டேன்" என்று விமானத்திலிருந்து குதிக்கிற ஒருவர் சொன்னால், அதாவது கோளாறான மெயின் பாராசூட்டை வானிலேயே விட்டுவிட்டு ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட்டில் இறங்கினேன் என்றால், சுற்றி நிற்கிறவர்கள் கேட்பது "என்ன கோளாறு?" என்றுதான். நான் முதலில் கேட்பது "எத்தனை அடியில்?" என்று. கோளாறுக்குப் பெயர் வைக்கத் தரையில் சாயங்காலம் முழுக்க நேரம் இருக்கிறது. மேலே இருப்பது விநாடிக் கணக்கு.

எனக்கு இதுவரை இரண்டு முறை நடந்திருக்கிறது. முதல் முறை, சரிசெய்துவிடலாம் என்று உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டே கீழே வந்துவிட்டேன். இரண்டாவது முறை நாலு விநாடியில் முடிந்தது. சொல்லிக்கொள்ள ஒரு கதைகூட மிஞ்சவில்லை. கீழே எழுதியிருப்பதில் பாதி, அந்த முதல் முறை கற்றுக்கொண்டது.

ஒரு விஷயம். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் உள்ள "கட் அவே" என்ற பெயரைத் தமிழில் சேர்த்து எழுதினால் "கட்டவே" என்று ஆகிவிடுகிறது. செய்வதோ அவிழ்க்கிற வேலை. அதனால் "கழற்றிவிடுவது" என்றே எழுதுகிறேன். அப்புறம், உங்கள் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததும் உங்கள் கருவியின் கையேட்டில் உள்ளதும் இங்கே இருப்பதோடு முரண்பட்டால், அவைதான் சரி. ஒரே ஆள் இரண்டு விதமான பழக்கத்தைக் கையில் வைத்திருப்பது எந்தக் கோளாறையும்விட மோசம்.

முதலில் உயரம்

வயிறு கீழே பார்க்க விழுகிறவரின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 1,000 அடி கரைய ஆறு விநாடிகூட ஆகாது. 3,000 அடியில் இழுத்து எதுவுமே திறக்கவில்லை என்றால், தரைக்குச் சுமார் பதினேழு விநாடிதான். நல்ல கேனோப்பியின், அதாவது விரிந்த பாராசூட் துணியின் கீழே அதே 1,000 அடிக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். கோளாறான கேனோப்பி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். எங்கே என்று உங்கள் உடம்புக்குத் தெரியாது. உயரம் காட்டும் ஆல்டிமீட்டருக்குத்தான் தெரியும்.

அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. மாணவர்களும் தொடக்க நிலையான ஏ உரிமம் வைத்திருப்பவர்களும் 2,500 அடிக்கு இறங்குவதற்குள், அதற்கு மேற்பட்ட உரிமம் உள்ளவர்கள் 1,800 அடிக்கு இறங்குவதற்குள் முடிவெடுத்துச் செயலில் இறங்கிவிட வேண்டும். அந்த உயரத்தில் யோசிக்க ஆரம்பிப்பது அல்ல, அங்கே யோசனை முடிந்திருக்க வேண்டும். என்னுடைய கோடு 2,000 அடி. 1,800க்கு மேலே அந்த 200 அடி, என் பிடிவாதத்துக்கு நான் ஒதுக்கி வைத்திருக்கும் இடம்.

இது கோளாறா, வெறும் தொந்தரவா?

தலைக்கு மேல் துணி விரிந்ததும் மூன்று கேள்வி: சதுரமாக இருக்கிறதா? நிலையாகப் பறக்கிறதா? சொன்ன பக்கம் திரும்பி, இரண்டு பிரேக்கையும் (கையால் இழுத்து ஓட்டும் கயிறுகள்) இழுத்தால் வேகம் குறைகிறதா? மூன்றுக்கும் "ஆமாம்" வந்தால் அது உங்களைத் தரையில் இறக்கும் பாராசூட். ஒன்றுக்கு "இல்லை" வந்து, அது உங்கள் கோட்டுக்கு மேலேயே "ஆமாம்" ஆக மாறவில்லை என்றால், கழற்ற வேண்டிய பாராசூட்.

பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பொதுவாக வெறும் தொந்தரவாகவே முடிகிறவை சில உண்டு. ஓரத்து அறை காற்று நிரம்பாமல் மடிந்து கிடப்பது, திறப்பை மெதுவாக்க லைன்கள் வழியே இறங்கி வரும் துணியான ஸ்லைடர் பாதி வழியில் நிற்பது, கேனோப்பியின் கயிறுகளான அந்த லைன்கள் முறுக்கியிருந்தாலும் கேனோப்பி நேராகப் பறப்பது. இதற்கெல்லாம் பிரேக்கையோ பின் ரைசரையோ (லைன்களைத் தோளோடு இணைக்கும் பட்டை) இழுத்துப் பிடித்து விடுவது, உதைத்து முறுக்கை எடுப்பது என்று எளிய வைத்தியம் இருக்கிறது. வைத்தியம் பார்த்துக்கொண்டே ஆல்டிமீட்டரையும் பாருங்கள்.

கழற்றும் முறை

வலது பக்கம் நெஞ்சோரம் மேலிருந்து கீழே ஓடும் சேணப் பட்டையில் வெல்க்ரோவால் ஒட்டியிருக்கும் மெத்தை போன்ற பிடி, மெயினைக் கழற்ற. பெரும்பாலும் சிவப்பு நிறம். இடது பக்கம் இருப்பது ரிசர்வை இழுக்க. உலோக வளையமாகவோ இன்னொரு மெத்தையாகவோ இருக்கும். உடம்பை வளை, சிவப்பைப் பார், பிடி, ரிசர்வ் பிடியைப் பார், சிவப்பை உரித்து இழு, ரிசர்வை இழு. பள்ளிக்குப் பள்ளி இதில் சின்ன மாற்றம் உண்டு. சிலர் ஒவ்வொரு பிடிக்கும் ஒரு கை என்பார்கள், சிலர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையும் என்பார்கள். எதுவானாலும் "பார்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேனோப்பி சுற்றும்போது சேணம் உடம்பில் நகர்ந்துவிடும். தரையில் பழகிய இடத்தில் பிடி இருக்காது. கை தடவிக்கொண்டிருக்கும், கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்.

உரிப்பது என்பதும் வெறும் வார்த்தை அல்ல. வெல்க்ரோவோடு சேர்த்து அப்படியே வெளியே இழுத்தால் சில சமயம் அசையவே அசையாது. மடக்கி உரித்துவிட்டு, கை முழுசாக நீளும் வரை இழுக்க வேண்டும். உள்ளே இருப்பது இரண்டு மஞ்சள் கேபிள்கள். அவை முழுக்க வெளியே வந்தால்தான் இரண்டு தோளிலும் உள்ள மூன்று வளையப் பூட்டு திறக்கும். பில் பூத் 1970களில் உருவாக்கிய இந்தப் பூட்டில், பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்ன வளையம், அதைப் பிடித்திருக்கும் ஒரு நூல் கண்ணி, கண்ணிக்குள் கேபிள். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் மாதிரி வேலை செய்து பாரத்தைக் குறைப்பதால், சுழற்சியில் உடம்பு பல மடங்கு கனத்தாலும் கடைசிக் கண்ணியில் விழுவது மிகச் சிறிய இழுவைதான். அதற்கு முன்பு தோளுக்குத் தோள் தனித்தனிக் கொக்கி. ஒன்று திறந்து மற்றது திறக்காமல் போகிற ஆபத்து கூடவே வரும்.

இனி அறிகுறிகள்.

கை பின்னால் போகிறது, பிடி கிடைக்கவில்லை. அல்லது கிடைத்தும் வர மறுக்கிறது

பைலட் சூட் என்பது மெயினை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட். அதன் பிடி உள்ளே போயிருக்கலாம். சட்டைத் துணி மறைத்திருக்கலாம். பைலட் சூட்டைப் பையில் திணித்த விதம் சரியில்லாமல் இருக்கலாம். பையின் அடி விளிம்பிலிருந்து தடவிக்கொண்டு போய் இன்னொரு முறை தேடுங்கள், இழுத்துப் பாருங்கள். மொத்தம் இரண்டு முயற்சி, அதற்கு மேல் இல்லை. அப்புறம் ரிசர்வ். மூன்றாவது முயற்சி என்று ஒருவர் ஆரம்பித்தால் அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம்.

பைலட் சூட்டை வீசியாயிற்று, எதுவும் நடக்கவில்லை

முதல் விநாடியில் இது வெறும் தயக்கமாக இருக்கலாம். முதுகுக்கு மேலே காற்று ஓட்டமில்லாத ஒரு வெற்றிடம் உண்டு. பைலட் சூட் அதில் மிதந்து ஆடிக்கொண்டிருக்கும். தோளைச் சாய்த்துத் திரும்பிப் பார்த்தால் காற்று புகுந்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

போகவில்லை என்றால், பைலட் சூட் விரிந்தும் முதுகுப் பையை மூடியிருக்கும் ஊசி வராமல் பின்னால் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. காரணம் கிட்டத்தட்ட எப்போதும் மடிக்கும்போது நடந்த தவறுதான். பைலட் சூட்டை மெயினோடு இணைக்கும் பட்டையான பிரைடில் தவறான வழியில் போயிருக்கும், அல்லது மடங்கும் வகைப் பைலட் சூட்டை விறைப்பாக்காமல் மூடியிருப்பார்கள். பிரைடிலில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கிறதே, அதில் நிறம் தெரிந்தால்தான் பைலட் சூட் தயார். பார்க்க அரை விநாடிகூட ஆகாது. பலர் பார்ப்பதில்லை.

இந்த ஒரு கோளாறில்தான் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. ஒரு கட்சி: மெயின் இன்னும் பைக்குள்தான் இருக்கிறது, கழற்றுவதில் நேரத்தை வீணாக்காதே, நேராக ரிசர்வை இழு. மற்ற கட்சி: ரிசர்வ் கிளம்பும் அதிர்ச்சியில் மெயினும் வெளியே வரக்கூடும், அதனால் கழற்றிவிட்டு இழு; எல்லாக் கோளாறுக்கும் ஒரே பழக்கம் இருப்பது நல்லது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நான் இரண்டாவது கட்சி. எந்தக் கட்சி என்பதை விமானத்தில் ஏறுவதற்கு முன்பே முடிவு பண்ணிவிடுங்கள். பின்னால் பைலட் சூட் படபடத்துக்கொண்டிருக்கும்போது பட்டிமன்றம் நடத்த முடியாது.

தலைக்கு மேல் ஒரு மூட்டை நிற்கிறது, விரியவில்லை

லைன்கள் நீண்டுவிட்டன, மெயினைச் சுற்றியிருக்கும் உள்பை மட்டும் திறக்காமல் பூட்டிக்கொண்டது. அல்லது பை திறந்தும் துணி காற்றைப் பிடிக்காமல் நீளக் கந்தல் மாதிரி அடிக்கிறது. வேகம் ஏறக்குறைய விழும் வேகமேதான். கழற்று, ரிசர்வ். இதில் ஆராய எதுவும் இல்லை.

ஏதோ ஒன்று முதுகிலிருந்தும் இன்னொன்று கையிலோ காலிலோ இருந்தும் இழுக்கிறது

லாடம் மாதிரி இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்ட மெயின். பைலட் சூட் இன்னும் அதன் உறைக்குள் இருக்கும்போதே பையின் ஊசி தானாக விலகிவிட்டால் இது நடக்கும். விமானக் கதவில் முதுகை உரசினால் போதும். பைலட் சூட் உறையில்தான் இருக்கிறது என்றால் உடனே எடுத்து வீசிப் பாருங்கள். ஓரிரு முயற்சிக்குள் சரியாகவில்லை என்றால் கழற்றி, ரிசர்வை இழுங்கள். மெயின் முழுசாகப் போகாமல் தொங்கக்கூடும், ரிசர்வ் அதன் பக்கத்தில் போய்த்தான் விரிய வேண்டியிருக்கும். கோளாறுகளிலேயே எனக்குப் பயம் தருவது இது ஒன்றுதான். அதனால்தான் விமானத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் முதுகு ஊசியைப் பார்க்கச் சொல்லுகிறேன். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

லைன்கள் முறுக்கியிருக்கின்றன

இங்கேதான் ஆட்கள் உயரத்தைத் தொலைக்கிறார்கள். நானும் தொலைத்தேன்.

முறுக்கு இரண்டு வகை. கேனோப்பி நேராகப் பறக்கிறது, நீங்கள் மட்டும் அதன் கீழே திரும்பியிருக்கிறீர்கள் என்றால் அவசரமில்லை. முறுக்கு போகும் வரை பிரேக்கை விடுவிக்காதீர்கள். ரைசர்களைப் பிரித்துப் பிடித்து, ஊஞ்சலில் சுற்றிவிட்ட குழந்தை மாதிரி எதிர்ப்பக்கம் உதைத்தால் பிரிந்துவிடும்.

இரண்டாவது வகையில் கேனோப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டே கீழே பாயும். சிறிய, நீள்வட்ட வடிவக் கேனோப்பியில் பாரம் அதிகமாக இருந்தால் இது சீக்கிரம் வரும், வேகமாகவும் மோசமாகும். திறக்கும்போது ஒரு தோள் தாழ்ந்திருந்தால் போதும். மடிக்கும்போது லைன் கட்டுகளை ஒருபக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் போட்டிருந்தாலும் பை சுழன்றுகொண்டே மேலே போகும்.

எனக்கு நடந்தது இதுதான். திறந்த அதிர்ச்சி ஒரு பக்கமாக வந்தது. தலையைத் தூக்க முடியவில்லை. ரைசர்கள் கழுத்துக்குப் பின்னால் ஒன்றாக முறுக்கி, ஹெல்மெட்டை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரிந்தது என் காலணிகள், அதற்குப் பின்னால் தொடுவானம் பட்டையாகச் சுற்றுகிறது. ஒரு கையை ரைசருக்குள் நுழைத்து உதைத்தேன். ஒரு சுற்றுப் பிரிந்தது. அந்த ஒரு சுற்றுதான் என்னை ஏமாற்றியது: "ஆகா, வருது வருது" என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் உதைத்தேன். பிரிந்த அளவுக்கு மறுபடி முறுக்கிக்கொண்டது. உதைக்க ஆரம்பித்தபோது ஆல்டிமீட்டரில் 2,900. அடுத்த முறை பார்க்கத் தோன்றியபோது 1,700. எனக்கு அது மூன்று நான்கு விநாடி மாதிரிதான் இருந்தது.

பிடியைப் பார்த்தேன், வழக்கமான இடத்திலிருந்து ஒரு சாண் விலாப் பக்கம் நகர்ந்திருந்தது. கை ஈயம் மாதிரி கனத்தது. உரித்து இழுத்தேன், முதல் இழுப்பில் பாதிதான் வந்தது. முறுக்கு ரைசர் வரை இறங்கிவிட்டால் உள்ளே போகும் கேபிளை அது நசுக்கிப் பிடிக்கும் என்று அப்புறம்தான் புரிந்தது. ரைசருக்குள் கேபிளுக்கென்று கெட்டியான குழாய் வைத்துத் தைப்பது அதற்காகத்தான். என்னுடைய பழைய ரைசர்களில் அது இல்லை. இரண்டாவது இழுப்புக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு சத்தமில்லாத நொடி. இரைச்சல், சுழற்சி, கழுத்து வலி எல்லாம் ஒரேயடியாக நின்றது. மல்லாக்க விழுந்துகொண்டிருந்தேன். மெயின் கைக்குட்டை மாதிரி சுருங்கிக்கொண்டே மேலே போனது தெரிந்தது. ரிசர்வ் பிடிக்குக் கை போவதற்குள் தோளில் ஒரு இழுப்பு, மெயின் கழன்றால் ரிசர்வைத் திறக்கும் ஆர்.எஸ்.எல். பட்டை என் வேலையைச் செய்துவிட்டது. ரிசர்வ் முழுசாக விரிந்து நான் ஆல்டிமீட்டரைப் பார்த்தபோது 1,300.

இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் அந்த மௌன நொடியைத்தான் விரும்புகிறார்கள். எனக்கு மனசில் நிற்பது 2,900க்கும் 1,700க்கும் நடுவில் காணாமல் போன 1,200 அடி.

ஆகவே, சுழலும் முறுக்குக்கு என் வழி: முதலில் தோளைச் சமமாக்கு, ஒரு தடவை உதை, ஆல்டிமீட்டரைப் பார். சுழற்சி வேகம் கூடுகிறது என்றால் உயரம் மிச்சமிருந்தாலும் கழற்று. நேரம் ஆக ஆகக் கை கனக்கும், கேபிள் இறுகும்.

திறந்ததும் ஒரு பக்கமாகத் திரும்புகிறது, ஆனால் முறுக்கு இல்லை

ஒரு பக்கப் பிரேக் மட்டும் தானாக விடுபட்டிருக்கலாம். இரண்டு பிரேக்கையும் எடுத்து இடுப்பு வரை இழுத்துவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். ஒரு பக்கம் பூட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னொரு முறை முயலுங்கள். நேராகப் பறக்கவே ஒரு பக்கத்தைப் பாதிக்கு மேல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் என் கணக்கில் அது தரையிறங்கும் பாராசூட் அல்ல.

பிரேக் லைனே அறுந்திருந்தால் பின் ரைசரைக் கொண்டு இறங்கலாம். முன்பே உயரத்தில் பலமுறை பழகியவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். இன்றைக்குத்தான் முதல் தடவை என்றால் கழற்றுங்கள்.

கேனோப்பி நடுவில் இறுக்கிக் கட்டியது மாதிரி இரண்டு பாகமாகத் தெரிகிறது

ஒரு லைன் துணிக்கு மேலே போய் விழுந்திருக்கிறது. சுழலும், சீக்கிரமே வேகம் பிடிக்கும். என்னுடைய இரண்டாவது முறை இதுதான். மேலே பார்த்தேன், முன்விளிம்பு வில் முடிச்சு மாதிரி இருந்தது, 2,600. சிவப்பைப் பார்த்தேன். அவ்வளவுதான். ரிசர்வின் கீழே உட்கார்ந்து ஆல்டிமீட்டரைப் பார்த்தபோது இன்னும் 2,000க்கு மேல் இருந்தது. பிரேக்கை இழுத்து விட்டுப் பார்க்கலாம், கொக்கிக் கத்தியால் அந்த லைனை அறுக்கலாம் என்றெல்லாம் சொல்வார்கள். நல்ல ரிசர்வ் முதுகில் இருக்கும்போது மெயினுக்கு அறுவை சிகிச்சை எதற்கு?

ஸ்லைடர் மேலேயே நிற்கிறது

மேலேயே முழுசாக நின்றால் துணி விரியவே இல்லை, வேகம் பயங்கரமாக இருக்கும். பாதியில் நின்றால் பிரேக்கை முழுசாக இழுத்துப் பிடித்து மெதுவாக விடுங்கள், மறுபடி செய்யுங்கள். கோடு வருவதற்குள் இறங்கவில்லை என்றால் கழற்றுங்கள். ஸ்பெக்ட்ரா லைன்கள் ஸ்லைடர் உரசும் சூட்டில் சுருங்கும். ஓரத்து லைன்களும் பிரேக் லைன்களும் அதிகம் சுருங்கும். திறப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குணம் மாறிக்கொண்டே வந்தால் லைன் மாற்றும் காலம் வந்துவிட்டது.

லைன்களில் முடிச்சு, துணியில் கிழிசல்

முடிச்சு, அறுந்த லைன், கிழிசல் மூன்றுக்கும் ஒரே சோதனை. முழுசாக இழுத்துப் பார், இரண்டு பக்கமும் திருப்பிப் பார். இழுத்தால் வேகம் குறைய வேண்டும், பறப்பு நிற்கக்கூடாது. இந்தச் சோதனையைக் கோட்டுக்கு மேலேயே முடித்துவிட வேண்டும். தரைக்குப் பக்கத்தில் வந்து "இழுத்தால் என்ன ஆகும்?" என்று கண்டுபிடிக்கக்கூடாது.

இரண்டு பாராசூட்டும் வெளியே வந்துவிட்டன

தாழ்வாக இழுத்து, மெயின் திறந்துகொண்டிருக்கும்போதே ரிசர்வைத் தானே திறக்கும் தானியங்கிக் கருவியும் சுட்டுவிட்டால் இப்படி ஆகும். இங்கே அவசரப்பட்டுச் சிவப்பைத் தொட்டுவிடாதீர்கள். இரண்டும் எப்படி நிற்கின்றன என்று முதலில் பாருங்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் கழற்ற வேண்டாம். முன்னால் இருப்பதை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள், பின்னால் இருப்பதன் பிரேக்கைத் தொடாதீர்கள், தரையில் இழுத்து நிறுத்த முயலாதீர்கள். காலைச் சேர்த்து உருண்டு விழுங்கள். அக்கம்பக்கமாக நின்றால் பெரியதை மென்மையாக ஓட்டிக்கொண்டு இறங்கலாம். இரண்டும் சிக்காமல் தெளிவாக இருந்து, உயரமும் இருந்தால் மெயினைக் கழற்றுவதும் உண்டு. இரண்டும் எதிரெதிராகப் பிரிந்து தரையை நோக்கிப் பாய்ந்தால் மட்டும் யோசிக்காமல் மெயினைக் கழற்ற வேண்டும். நேரமிருந்தால் அதற்கு முன் ஆர்.எஸ்.எல்.லை விடுவித்துவிடலாம்.

கோளாறு தெரிந்தபோதே 1,000 அடிக்குக் கீழே

கழற்றினால் ரிசர்வ் விரிய இடம் இல்லாமல் போகலாம். இங்கே கழற்றாமலேயே ரிசர்வை இழுத்து, தலைக்கு மேல் இருக்கிற துணியைக் கூட்டிக்கொள்வதுதான் சொல்லித்தரப்படுவது. சிக்கலாம். ஆனாலும் காலியாக விழுவதைவிட மேல்.

துணைக் கருவிகள் எதைச் செய்யும், எதைச் செய்யாது

ஆர்.எஸ்.எல். என்பது மெயினின் ரைசருக்கும் ரிசர்வ் ஊசிக்கும் நடுவில் ஒரு பட்டை. மெயின் கழன்று போகும்போது அந்த இழுப்பிலேயே ரிசர்வ் பையைத் திறந்துவிடும். ஸ்கைஹூக் போன்றவை இன்னும் ஒரு படி மேலே: போகிற மெயினையே பெரிய பைலட் சூட் மாதிரி பயன்படுத்தி ரிசர்வை வெளியே இழுத்துவிடும். கடுமையாகச் சுழலும்போது ஆர்.எஸ்.எல். திறந்தால் ரிசர்வும் முறுக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் 1,600 அடியில் கழற்றியவன் நான். எனக்கு அந்தப் பட்டை வேண்டும்.

தானியங்கித் திறப்பானை நம்பிச் சும்மா இருக்கிறவர்களும் உண்டு. ஹெல்முட் குளோத் உருவாக்கி 1991இல் ஏர்டெக் நிறுவனம் கொண்டுவந்த சைப்ரஸ் கருவியின் எக்ஸ்பர்ட் வகை, சுமார் 750 அடியில், விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகத்தில் விழுந்தால்தான் சுடும். பாதி விரிந்து சுழலும் மெயினின் கீழே உங்கள் வேகம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டு அமைதியாக உங்களோடு தரைக்கு வரும். சுட்டாலும் அது மெயினைக் கழற்றாது.

கழற்றியும் ஒரு பக்கம் போகவில்லை

கேபிள் முழுசாக வந்ததா என்று பாருங்கள். பிடியை இன்னும் இழுத்து, கேபிளைக் கையாலேயே உருவுங்கள். ஆர்.எஸ்.எல். மாட்டிய பக்கம் முதலில் போய் மற்றப் பக்கம் நின்றுவிட்டால், தொங்கும் மெயினுக்குள்ளேயே ரிசர்வ் போய் விரியும். அது நடக்காமலிருக்கத்தான் ஆர்.எஸ்.எல். பக்கத்துக் கேபிளைக் கொஞ்சம் நீளமாக விடுகிறார்கள். "இரண்டும் சமமாக இல்லையே" என்று யாரும் வெட்டிச் சமன் செய்துவிட வேண்டாம்.

மாதம் ஒருமுறை வளையங்களைப் பிரித்து, ரைசரின் நாடாத் துணியை அப்படியும் இப்படியும் வளைத்து இளக்கி, மஞ்சள் கேபிளைத் துடைத்து மறுபடி மாட்டுவது நீண்டகால வழக்கம். கேபிளில் படியும் பிசுக்கு இழுவையைக் கூட்டும். பத்து நிமிட வேலை. ரிசர்வை மட்டும் தகுதிபெற்ற ரிக்கர் (பாராசூட் மடித்துப் பராமரிப்பவர்) மடிக்க வேண்டும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை.

ரிசர்வ் விரிந்துவிட்டது, இனி?

அதே மூன்று கேள்வி. ரிசர்வும் ஒரு பாராசூட்தானே. பிறகு பிரேக்கை விடுவித்து, உயரத்திலேயே ஒரு முறை முழுசாக இழுத்துப் பாருங்கள். ரிசர்வ்கள் பெரும்பாலும் ஏழு அறை. ஒன்பது அறை மெயினோடு பழகிய கைக்கு இழுப்பு வேறு மாதிரி இருக்கும். அப்புறம் எங்கே இறங்குவது என்று பாருங்கள். பெரும்பாலும் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. திறந்த வெளி எதுவாக இருந்தாலும் போதும். கழற்றிய மெயினைத் துரத்திக்கொண்டு மரங்களுக்குள் போனவர்கள் உண்டு. துணியை அப்புறம் தேடிக்கொள்ளலாம். கூட வந்தவர்கள் மேலே இருந்து பார்த்திருப்பார்கள்.

அந்த முதல் முறை என் மெயின் ஒரு வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ரிசர்வைச் சுற்றியிருந்த பை அதற்கு நூறடி தள்ளிப் புல்லில் கிடந்தது. கையில் சிவப்புப் பிடியை மட்டும் இறுகப் பிடித்திருந்தேன். எப்போதிருந்து என்று நினைவில்லை. ரிக்கர் மெயினைத் தரையில் பரப்பினார், பையைத் திருப்பினார், லைன்களைக் கட்டும் ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பார்த்தார். இடது பக்கம் எல்லாம் புதிது. வலது பக்கத்தில் மூன்று தளர்ந்து தொங்கின, ஒன்று பாதி அறுந்திருந்தது.

"யார் மடித்தது?" என்று கேட்டார்.

நான்தான் மடித்தேன்.